முடிவு முன்பே தெரிந்த சண்டை: பழைய ரெஸ்லிங் ஆட்டங்களைப் பார்க்கக் கற்பது

90களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இருந்ததில்லை: அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர். ட்ரம்ப் கார்டு ஆடிய தெருக்களில் எல்லாம் இந்தக் கதை உலவியது. அதே பிள்ளைகள் வளர்ந்தபின் 'அதெல்லாம் சும்மா, மொத்தமும் நடிப்பு' என்று சொல்லி ரெஸ்லிங்கை விட்டுவிட்டார்கள். இரண்டு பேச்சிலுமே பாதிதான் உண்மை.

ஏழு உயிர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 1994 ஜனவரி 22 அன்று நடந்த ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் யோகோசூனாவும் அவருடைய கூட்டாளிகளும் அண்டர்டேக்கரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். அவருடைய உருவம் திரையில் தோன்றியது, பிறகு மேலே எழும்பி மறைந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த சம்மர்ஸ்லாமில் இரண்டு அண்டர்டேக்கர்கள் மோதி, அசல் ஆள் போலியை வென்றார். இடைப்பட்ட மாதங்களில் நடந்தது என்ன? முதுகுக் காயத்துக்கு ஓய்வு. காயம் நிஜம், அதை மறைக்கச் சொன்ன காரணம் கதை. இந்த இரண்டு இழைகளும் எங்கே எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தால் 30, 40 வருடத்துக்கு முந்தைய ஆட்டம்கூட இன்று புதிதாகத் தெரியும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

கச்சேரியில் எது முடிவானது, எது மேடையில் பிறப்பது?

ஒரு கர்நாடக இசைக் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன கீர்த்தனை, என்ன ராகம், என்ன தாளம் என்பது மேடையேறும் முன்பே தெரியும். தனி ஆவர்த்தனம் ஒரு கோர்வையில் முடிந்து பாட்டு திரும்ப எடுக்கப்படும் என்பதும் தெரியும். ஆனால் நடுவில் பாடகர் பாடும் ஸ்வரங்களும், அதற்கு மிருதங்கக்காரர் கொடுக்கும் பதிலும் அந்த நொடியில் பிறப்பவை. சபை உற்சாகமாக இருந்தால் இன்னும் இரண்டு சுற்று கூடும். பாட்டு எதுவென்று முன்பே முடிவாகிவிட்டது என்பதற்காகக் கச்சேரியை யாரும் பொய் என்பதில்லை.

பழைய ரெஸ்லிங்கும் இப்படித்தான் நடந்தது. உடைமாற்றும் அறையில் மூன்று விஷயங்கள் முடிவாகும்: யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது, சுமார் எத்தனை நிமிடம். ஜெயிக்கும் அந்தக் கடைசிக் காட்சிக்குப் பெயர் ஃபினிஷ். மற்றதைப் பெரும்பாலும் ரிங்கிலேயே ஒருவர் காதில் ஒருவர் சொல்லி அமைத்துக்கொண்டார்கள். பழைய ஆட்டங்களில் எதிராளியின் தலையைக் கைக்குள் இறுக்கும் ஹெட்லாக் பிடித்தபடி இருவரும் நிமிடக்கணக்கில் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இளைப்பாறும் நேரம், அடுத்தது என்ன என்று பேசிக்கொள்ளும் நேரமும்கூட. வாய் பார்வையாளருக்குத் தெரியாதபடி முகம் எதிராளியின் தலைமுடிக்குள்ளோ கைக்குள்ளோ புதைந்திருக்கும். அனுபவம் கூடியவரே ஆட்டத்தை நடத்துவார், பெரும்பாலும் வில்லன்தான். ரெஃப்ரீயும் தூது போவார். இத்தனை நிமிடம் பாக்கி, முடிக்கச் சொல்கிறார்கள், எதிராளிக்கு நிஜமாகவே அடிபட்டிருக்கிறது என்ற செய்திகள் அவர் வழியாகப் போகும். ரெஃப்ரீ இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல வைத்தால், நிஜக் காயம், மருத்துவர் வர வேண்டும் என்று பொருள்.

இங்கே மூன்று சொற்கள் தேவைப்படும். ஒப்புக்கொண்டு செய்வது எல்லாம் வொர்க். ஒப்பந்தத்தை மீறியோ, கதைக்கு வெளியிலோ நிஜமாக நடப்பது ஷூட். கதையை ரிங்குக்கு வெளியிலும் விடாமல் காப்பாற்றும் மரபுக்குப் பெயர் கேஃபேப். நல்லவராக நடிப்பவரும் வில்லனாக நடிப்பவரும் ஒரே காரில் போகக்கூடாது, ஒரே ஓட்டலில் சேர்ந்து சாப்பிடக்கூடாது என்பதெல்லாம் கேஃபேப் விதிகள்.

கேஃபேப் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெம்ஃபிஸ் நகரத்தில் நடந்தது ஒன்று போதும். 1982 ஏப்ரல் 5 அன்று ஜெரி லாலர் என்ற உள்ளூர் நட்சத்திரத்தோடு நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் மோதினார். காஃப்மன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஜூலையில் தேசியத் தொலைக்காட்சியின் இரவு நிகழ்ச்சி ஒன்றில் லாலர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். நாடு முழுவதும் அதை நிஜப் பகை என்று நம்பியது. காஃப்மன் 1984இல் இறந்துபோனார். இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் அது என்பது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தது.

ஏன் இப்படி ஆக்கினார்கள்?

காரணம் எளியது. நிஜ மல்யுத்தம் பார்ப்பவர்களைச் சோர்வடையச் செய்தது. 1916 ஜூலை 4 அன்று ஒமாஹா நகரில் எட் 'ஸ்ட்ராங்லர்' லூயிஸும் ஜோ ஸ்டெச்சரும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மோதினார்கள், முடிவே வரவில்லை. சமபலமுள்ள இரண்டு பேர் தவறு செய்யாமல் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். 1920களில் அதே லூயிஸும், அவருடைய மேனேஜர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்பவரும் சேர்ந்து ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்தார்கள், கண்ணைக் கவரும் வீச்சுகளைக் கொண்டுவந்தார்கள், ஒரு ஆட்டத்தின் கதையை அடுத்த ஆட்டத்துக்கு நீட்டினார்கள். இன்று பார்ப்பதன் அடித்தளம் அதுதான்.

தொழிலில் இருந்தவர்கள் இதைப் பொதுவில் ஒப்புக்கொள்ள இன்னும் 60 ஆண்டுகள் ஆயின. 1989இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற ரெஸ்லிங் நிறுவனம் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம், எங்களுடையது போட்டி விளையாட்டு இல்லை, பொழுதுபோக்கு என்று சொன்னது. விளையாட்டுப் போட்டிகளுக்கான அரசு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதே நோக்கம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: முடிவு முன்பே தெரியும், நடுப்பகுதி பெரும்பாலும் ரிங்கிலேயே உருவாகும், இரண்டையும் ரசிகரிடமிருந்து மறைத்தது கேஃபேப். அப்படியானால் விழுவதும் அடிப்பதும்?

தரை மெத்தை கிடையாது

'ரிங் முழுக்க ஸ்பிரிங், மெத்தைமேல் விழுவதுபோலத்தான்' என்பது எங்கும் கேட்கும் பேச்சு. அமெரிக்க ரிங் பக்கத்துக்கு 18 முதல் 20 அடி இருக்கும். அடியில் ஸ்டீல் சட்டம். அதன்மேல் குறுக்காக மரப்பலகைகள். பலகைமேல் சுமார் ஓர் அங்குல நுரைப்படுகை. அதற்குமேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். சில ரிங்குகளில் நடுவே ஸ்பிரிங் உண்டு, அதுவும் அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்குமே தவிர விழுபவரைத் தூக்கிப் போடாது. அடியில் வெற்றிடம் என்பதால் மொத்த அமைப்பும் மத்தளம்போல முழங்கும். காதில் விழும் 'தடால்' பாதி உடம்பின் சத்தம், பாதி பலகையின் சத்தம்.

கயிறும் அப்படித்தான். பல கம்பெனிகளில் ரப்பர் குழாய்க்குள் ஸ்டீல் கேபிள் ஓடும். டபிள்யூ.டபிள்யூ.எஃப்பில் டேப் சுற்றிய நிஜக் கயிறு. பயிற்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கயிற்றில் ஓடி மோதியே அக்குள் பக்கமும் முதுகும் கன்றிப்போகும்.

இந்தத் தரையில் அடிபடாமல் விழும் முறைக்கு பம்ப் என்று பெயர். மல்லாந்து விழும் பம்ப்தான் முதல் பாடம். தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். மூச்சை வெளியே விட்டபடி மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். அதே நொடியில் இரண்டு கைகளும் உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கை கீழ்நோக்கித் தரையை அறைய வேண்டும். ஆணி ஒன்றின்மேல் நின்றால் பாதத்தில் ஏறிவிடும், நூற்றுக்கணக்கான ஆணி வைத்த பலகையில் படுத்தால் உடம்பு தாங்கும். காரணம் எடை பரவுவது. பம்பும் அதே கணக்குதான்: விழும் விசையை முதுகு, தோள், கை என்று பெரிய பரப்புக்குப் பிரித்துக் கொடுப்பது.

தப்பானால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும். தாடை ஒட்டாவிட்டால் பின்மண்டை தரையில் மோதி மூளை அதிரும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். இடுப்பு முதலில் பட்டால் வால் எலும்பு. மூச்சை அடக்கிக்கொண்டு விழுந்தால் நெஞ்சு அடைத்துப்போகும். சரியாக விழுந்தாலும் வலிக்கும், ஆனால் எழுந்து நிற்க முடியும். அப்படி ஒரே இரவில் பத்து இருபது முறை, ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட இரவுகள் விழுந்த உடம்புகளைத்தான் பழைய ஆட்டங்களில் பார்க்கிறோம். கட்டாந்தரையிலோ மொட்டைமாடியிலோ இதைச் செய்து பார்க்கவே கூடாது. பயிற்சிப் பள்ளிகளில் முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்தும் குந்திய நிலையிலிருந்தும் விழப் பழக்கிய பிறகே நின்று விழ விடுவார்கள்.

தூக்கப்படுபவருக்கே வேலை அதிகம்

சர்க்கஸில் ஊஞ்சல் ஆடுபவர் இன்னொருவர் கையை நம்பித்தான் பாய்கிறார். ரெஸ்லிங் வீச்சுகளும் இருவர் வேலை. எதிராளியைக் கிடையாகத் தூக்கித் தரையில் அறையும் பாடி ஸ்லாமில், தூக்கப்படுபவர் சரியான நொடியில் எம்புகிறார், கையைத் தூக்குபவரின் தொடையில் ஊன்றித் தன் எடையில் ஒரு பங்கைத் தானே சுமக்கிறார். தூக்குபவர் அவர் முதுகு தட்டையாக விழும்படி வழிகாட்டுகிறார். எதிராளி ஒத்துழைக்காவிட்டால் 100 கிலோ ஆளைத் தலைக்கு மேல் தலைகீழாக நிறுத்தும் சூப்ளெக்ஸ் நடக்கவே நடக்காது.

1987 மார்ச் 29, பான்டியாக் சில்வர்டோம் அரங்கம், டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் ரெசில்மேனியா 3 நிகழ்ச்சி. ஹல்க் ஹோகன் ஆந்த்ரே த ஜெயன்ட்டைத் தூக்கி அறைந்த காட்சி உலகம் முழுக்க ஓடியது. ஆந்த்ரேவின் எடை 520 பவுண்டு என்றும், 15 ஆண்டுகளாகத் தோற்றதே இல்லை, யாரும் தூக்கியதே இல்லை என்றும் விளம்பரம் செய்தார்கள். உண்மையில் 1980 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகன் இதே ஆந்த்ரேவைத் தூக்கி அறைந்திருக்கிறார். அன்று ஹோகன் வில்லன், ஆந்த்ரே நல்லவர். ஆக, 1987இல் நடந்த பெரிய விஷயம் ஹோகனின் புஜபலம் என்று சொல்ல முடியாது. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, நடக்கவே சிரமப்பட்ட நிலையில், தன்னைத் தூக்க ஆந்த்ரே சம்மதித்ததுதான் பெரிது. என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தின் நாயகன் தோற்றவர்தான்.

அடிகளில் தந்திரம் உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. குத்தில் விரல்கள் தளர்வாக மடிந்திருக்கும், பட்டும் படாமலும் போகும், அடிப்பவர் காலால் தரையை மிதிக்கும் சத்தம் அதை முழுமையாக்கும். உதையில் உதைப்பவரே தன் தொடையைத் தட்டிக்கொள்வார். நெஞ்சில் விரித்த கையால் அறையும் சாப் அப்படியில்லை. அதில் எதையும் மறைக்க முடியாது, நெஞ்சு கன்றிச் சிவப்பது நிஜச் சிவப்பு. ரத்தமும் பெரும்பாலும் நிஜம். அந்தக் காலத்தில் நெற்றியில் வேண்டுமென்றே சிறு கீறல் போட்டுக்கொண்டார்கள். தொழிலில் இருந்த மோசமான பழக்கம் அது, நெற்றித் தழும்புகளைப் பழைய நட்சத்திரங்கள் கடைசி வரை சுமந்தார்கள்.

ஒப்பந்தம் பிசகினால் என்ன ஆகும்? டூம்ஸ்டோன் பைல்டிரைவர் என்ற வீச்சில் எதிராளியைத் தலைகீழாகத் தொடைகளுக்கு நடுவே பிடித்தபடி கீழே இறங்க வேண்டும். முழங்கால் முதலில் தரையைத் தொட்டு, தலை தொடைக்கு மேலே தரையைத் தொடாமல் நின்றால் பாதுகாப்பு. 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம். ஓவன் ஹார்ட் முழங்காலில் இறங்காமல் உட்கார்ந்து இறங்கும் வகையைச் செய்தார், ஸ்டீவ் ஆஸ்டினின் தலை தொடைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆஸ்டினால் சற்று நேரம் கையும் காலும் அசைக்க முடியவில்லை. இதைப் பார்க்கும்போது ஓவனைக் கவனியுங்கள். அவர் எதிராளியை அடிக்கப் போவதில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டு நேரம் கொடுக்கிறார். ஃபினிஷ்படி ஜெயிக்க வேண்டியவர் ஆஸ்டின். அவர் தவழ்ந்து வந்து, ஓவனை மெல்லச் சுருட்டி, தோள்களைத் தரையில் அழுத்தி, ரெஃப்ரீ மூன்று எண்ணும்வரை பிடித்து ஜெயிக்கிறார். அதற்குப்பின் அவருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்கில் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலி கமென்டரி மேசைமேல் விழுந்தது திட்டமிட்டது. அதே ஆட்டத்தில் கூண்டின் கூரை பிய்ந்து ரிங்குக்குள் விழுந்தது திட்டமிடாதது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், ஆயிரக்கணக்கான முறை வாங்கிய ஒரு சாதாரண வீச்சை வாங்கி ரிங்கிலேயே விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை. கழுத்து அத்தனை ஆண்டுகளாகத் தேய்ந்திருந்தது.

சுருக்கமாக: முடிவு ஒப்பந்தம், அடியில் ஒரு பகுதி தந்திரம், விழுவது நிஜம்.

வாங்குபவரைப் பாருங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் அடிப்பவரையே பார்ப்பார்கள். கதை இருப்பதோ அடி வாங்குபவரிடம். வாங்கிய அடியை உடம்பால் நம்பவைக்கும் கலைக்கு செல்லிங் என்று பெயர். அடி விழுந்த நொடியில் கத்துவது எளிது. ஐந்து நிமிடம் கழித்து, தானே அடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தக் காலை லேசாக இழுத்து நடப்பதுதான் கடினம்.

இதற்கு ஒரு தொழில்மரபும் துணை செய்தது. அமெரிக்காவில் பிடிகளை உடம்பின் இடப்பக்கத்தில் போடுவார்கள்: இடக்கை, இடக்கால். மெக்சிகோவின் லூச்சா லிப்ரே மரபில் வலப்பக்கம். எந்தப் பக்கம் என்பது முன்பே தெரிந்திருப்பதால், இதுவரை சந்திக்காத இருவர்கூடத் தடுமாறாமல் ஆடலாம், எந்தக் கால் வலிக்கிறது என்று மறந்துபோகவும் மாட்டார்கள்.

இதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த பாடம், 1989 மே 7 அன்று நாஷ்வில்லில் ரிக் ஃப்ளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடிய ஆட்டம். அந்த ஆண்டில் இவர்கள் ஆடிய மூன்று பெரிய ஆட்டங்களில் மூன்றாவது. முதலாவது பிப்ரவரி 20, சிகாகோ: ஸ்டீம்போட் சாம்பியன் ஆனார். இரண்டாவது ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ்: மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டிய ஆட்டம், ஏறக்குறைய 55 நிமிடம். கடைசி எண்ணிக்கையின்போது ஃப்ளேரின் கால் கயிற்றுக்கு அடியில் இருந்தது. அப்படியிருந்தால் எண்ணிக்கை செல்லாது, ஆனால் ரெஃப்ரீ கவனிக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கான காரணத்தை அந்த ஒரு கால் கொடுத்தது. நாஷ்வில்லில் உச்சிக் கயிற்றிலிருந்து விழுந்து ஸ்டீம்போட்டின் முழங்கால் கெடுகிறது. ஃப்ளேரின் ஆயுதமோ கால்களைப் பின்னிப் பிடிக்கும் ஃபிகர் ஃபோர். இரண்டும் சந்தித்த பிறகு ஸ்டீம்போட் ஒரு பாடி ஸ்லாமுக்கு ஃப்ளேரைத் தூக்குகிறார், ஃப்ளேர் அந்தத் தூக்கலையே சுருட்டிப் பிடியாக்கி ஜெயித்துவிடுகிறார். அரைமணி நேர ஆட்டம் அந்த முழங்காலால் ஒரு நொடியில் முடிகிறது. வெறும் ஹைலைட்டில் பார்த்தால் இது சாதாரணச் சுருட்டல் மாதிரிதான் இருக்கும்.

ஆட்டத்தின் எலும்புக்கூடு

நல்லவருக்குத் தொழில்பெயர் ஃபேஸ், வில்லனுக்கு ஹீல். பழைய அமெரிக்க ஆட்டம் பெரும்பாலும் நான்கு கட்டமாக நகரும். முதலில் ஷைன்: ஃபேஸ் தன் திறமையைக் காட்டுவார், ஹீல் ஏமாந்துபோவார். பிறகு ஹீல் ஏதாவது கள்ளத்தனம் செய்து ஆட்டத்தைக் கைப்பற்றுவார். அடுத்து வரும் நீண்ட அடிபாடுதான் ஹீட். பிறகு கம்பேக், ஃபேஸ் எழுந்து திருப்பி அடிப்பது. கடைசியில் ஃபினிஷ்.

கூட்டத்தை வளர்க்கும் இடம் ஹீட்தான். ஃபேஸ் ஒருமுறை எழப் பார்ப்பார், கூட்டம் எழும், ஹீல் அடக்குவார். இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம் மேலே வருவார், மறுபடியும் அடக்குவார். பால் பொங்கி வரும்போது அடுப்பைக் குறைத்துக் குறைத்துக் கூட்டுவதுபோல. அவசரப்பட்டால் கம்பேக் சப்பென்று ஆகும், இழுத்துவிட்டால் கூட்டம் கைவிட்டுவிடும். இருவர் இருவராக ஆடும் டேக் டீம் ஆட்டங்களில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். ராக் அன் ரோல் எக்ஸ்பிரஸ் ஜோடியின் ரிக்கி மார்ட்டன் அடி வாங்கியபடி தன் துணைவர் கையைத் தொடத் தவழ்வார், விரல் நுனி தூரத்தில் இழுக்கப்படுவார். கடைசியில் கை தொடும்போது அரங்கமே கூச்சலில் அதிரும். இந்த வேலையைச் செய்வதற்கே 'ரிக்கி மார்ட்டன் வேடம்' என்று தொழிலில் பேர் வைத்துவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

பழைய ஆட்டத்தைத் திறந்து பத்து நிமிடத்தில் மூடுபவர்களின் குறை இதுதான். குறையில் நியாயம் உண்டு, ஆனால் பெரும்பாலும் அவர்கள் திறந்தது தவறான வீடியோ.

1948இல் அயோவாவின் வாட்டர்லூவில் தொடங்கிய என்.டபிள்யூ.ஏ என்ற கூட்டமைப்பு நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டது. ஒரு பகுதிக்கு டெரிட்டரி என்று பெயர். டெரிட்டரியின் வருமானம் அரங்க டிக்கெட்டில்தான் இருந்தது, தொலைக்காட்சி அதற்கான விளம்பரம். மெம்ஃபிஸில் சனிக்கிழமை காலை ஸ்டுடியோ நிகழ்ச்சி, திங்கள் இரவு மிட் சவுத் கொலிசியத்தில் அசல் ஆட்டம். டிவியில் நல்ல ஆட்டத்தைக் காட்டிவிட்டால் திங்கள்கிழமை யார் வருவார்கள்? ஆகவே டிவியில் நட்சத்திரம் ஓர் எளிய ஆளை இரண்டு மூன்று நிமிடத்தில் நசுக்குவார், அதற்கு ஸ்குவாஷ் என்று பெயர். பிறகு மைக்கைப் பிடித்து எதிரியைச் சவாலுக்கு அழைப்பார், அது ப்ரோமோ. பழைய டிவி நிகழ்ச்சியைத் திறந்தால் ஆட்டத்தைத் தாண்டி ப்ரோமோவுக்குப் போங்கள். 1985இல் டஸ்டி ரோட்ஸ் பேசியதில் வேலையிழந்த நெசவாலை, கார் ஆலைத் தொழிலாளர்களின் கஷ்டம் வரும். சில நிமிடப் பேச்சில் ஒரு வர்க்கமே அவர் பக்கம் நின்றது.

அரங்க ஆட்டம் நீண்டதற்கும் கணக்கு இருந்தது. உலக சாம்பியன் ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் நாயகனோடு 60 நிமிடம் ஆடிச் சமன் செய்வார். பெல்ட் அவரிடமே இருக்கும், உள்ளூர் நாயகனின் மதிப்பும் ஏறும், மறு ஆட்டத்துக்கு டிக்கெட்டும் விற்கும். 60 நிமிடம் தாங்க வேண்டுமானால் முதல் 20 நிமிடம் ஹெட்லாக்கிலும் கைமுறுக்கலிலும்தான் போக வேண்டும். பெரிய திரை இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்கும் புரிய வேண்டும் என்பதால் அசைவுகள் பெரிதாகவும் நிதானமாகவும் இருந்தன.

யார் ஜெயிப்பது என்று யார் முடிவு செய்தார்கள்?

அதற்கென்று ஒருவர் இருந்தார், பெயர் புக்கர். கதை எழுதுபவரும் டிக்கெட் கணக்குப் பார்ப்பவரும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1963 மே 17 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் புரூனோ சமார்ட்டினோ 48 நொடிகளில் பட்டத்தை வென்றார். இத்தாலியிலிருந்து குடியேறியவர். அந்த நகரத்துக் குடியேறிகளின் சொந்தப் பிள்ளையாக ஏழரை ஆண்டுக்கு மேல் சாம்பியனாக இருந்தார். அடுத்த சாம்பியன் புவேர்ட்டோ ரிக்கோவின் பெட்ரோ மொராலெஸ் என்று முடிவானது. சிக்கல் என்னவென்றால் இருவருமே நல்லவர்கள். நல்லவரை நல்லவர் தோற்கடித்தால் கூட்டம் பாதியாகப் பிளக்கும். அதனால் நடுவில் ஒரு வில்லனை வைத்தார்கள். 1971 ஜனவரி 18 அன்று, ரஷ்யர் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கனடாக்காரர் ஐவன் கோலாஃப், சமார்ட்டினோவை வென்றார். கூட்டத்தில் கூச்சல் இல்லை, அரங்கம் அடங்கிப்போனது, அழுதவர்கள் உண்டு. மூன்று வாரம் கழித்து பிப்ரவரி 8 அன்று மொராலெஸ் கோலாஃபை வென்றார். பட்டம் கை மாறியது, இரண்டு நல்லவர்களின் பெயரும் கெடவில்லை. மூன்று வாரமே சாம்பியனாக இருந்த கோலாஃபின் பெயர் அந்த மௌனத்தாலேயே நின்றது.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் நீளம் குறைந்த ஒன்று: ரெசில்மேனியா 3இல் ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட் ஆட்டம். கால் மணி நேரத்துக்கு உள்ளே முடியும். இது ரிங்கில் பேசி அமைத்த ஆட்டம் இல்லை. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் எழுதிவைத்து இருவரும் மனப்பாடம் செய்து ஆடியது. முதல்முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை அடி வாங்குபவரை மட்டும் பாருங்கள். பிறகு நாஷ்வில் ஆட்டம், அது பிடித்தால் நியூ ஆர்லியன்ஸின் 55 நிமிடம். மேலே சொன்ன கச்சேரி முறைக்கும் எழுதிவைத்த முறைக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தானாகத் தெரியும். அதன்பின் ஜப்பானுக்குப் போகலாம்: 1994 ஜூன் 3, டோக்கியோ புடோகான், மிசாவாவும் தோஷியாகி கவாடாவும். மொழி புரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

கூண்டிலிருந்து விழும் துண்டு வீடியோக்களில் தொடங்காதீர்கள். அடுத்து எதைப் பார்த்தாலும் சின்னதாகத் தெரியும். வேகத்தைக் கூட்டி ஓட்டினால் செல்லிங் கெடும். பழைய ஒளிபரப்புகளில் நடுப்பகுதி வெட்டப்பட்டிருப்பது சகஜம், ஆகவே ஆட்டத்தின் பதிவான நேரத்தையும் வீடியோவின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மறுபதிப்புகளில் உரிமைச் சிக்கலால் நுழைவுப் பாட்டு மாறியிருக்கலாம், சில இடங்களில் கூட்டத்தின் சத்தமும் அதோடு மங்கிவிடும். பழைய பதிவு கிடைத்தால் படம் மங்கலாக இருந்தாலும் அதையே பாருங்கள்.

1997 மார்ச் 23 ஆட்டத்தைக் கடைசிக்கு வையுங்கள். ரெசில்மேனியா 13, பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். உள்ளே வரும்போது ஹார்ட் நல்லவர், ஆஸ்டின் வில்லன். எதிராளி தானாகத் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் ஆட்டம் முடியும். ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம், கால்கள் ஷார்ப்ஷூட்டர் பிடியில் மடங்கிக் கிடக்கின்றன, ஒப்புக்கொள்ள மறுத்து அப்படியே மயங்குகிறார். மணி அடித்த பிறகும் ஹார்ட் அடிப்பதை நிறுத்தவில்லை. ஒரே ஆட்டத்துக்குள் இருவரின் வேடமும் இடம் மாறிவிட்டது, அதைச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹார்ட் வெளியேறிய பின், உதவிக்கு வந்தவரையும் தள்ளிவிட்டு ஆஸ்டின் தனியாகத் தத்தி நடந்து போகிறார். அந்த நேரத்தில் கமென்டரியை விட்டுவிட்டு அரங்கத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஹார்ட்டின் பெயரைச் சொன்ன அதே கூட்டம் யார் பெயரைச் சொல்கிறது என்று.